ஏரிக்கரைக் கூடாரத்தில் தங்குபவரின் உரிமைகள்

கொடைக்கானல் மேல்மலையில் மன்னவனூர், பூம்பாறை, கூக்கால் பக்கம் விடுதி அறைக்குப் பதிலாக டென்ட்டில் தங்கும் பழக்கம் சில ஆண்டுகளாகப் பரவிவருகிறது. இன்ஸ்டாகிராமில் ஒரு வீடியோ வரும். அதில் ஏரி, பனி, நடுவில் மூட்டிய தீ. வாட்ஸ்அப்பில் கேட்டால் ஆளுக்கு இவ்வளவு என்று பதில் வரும். ஜிபேயில் பாதிப் பணம் போகும், கிளம்புகிற நாளில் லொகேஷன் வந்து சேரும். நடத்துபவரின் முழுப்பெயர் என்ன, நிலம் யாருடையது, அங்கே கூடாரம் போட அனுமதி உண்டா என்பதெல்லாம் பேச்சிலேயே வராது. ஆனால் அந்த முன்பணம் கைமாறியதுமே சட்டப்படி தங்கப்போகிறவர் நுகர்வோர், வாங்கியவர் சேவை அளிப்பவர். சுவர் செங்கல்லா துணியா என்பதைப் பார்த்து இந்தப் பொறுப்பு கூடுவதோ குறைவதோ கிடையாது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அடுக்கும் உரிமைகளில் முதலாவது, உயிருக்கும் உடைமைக்கும் ஆபத்தான சேவையிலிருந்து பாதுகாப்பு. அடுத்தது, வாங்கும் சேவையைப் பற்றிய தகவல் அறியும் உரிமை. மலை முகாம்களில் இந்த இரண்டையும் பிரிக்கவே முடியாது. அங்கே நேர்ந்த பெரிய இழப்புகளை எடுத்துப் பார்த்தால், யாரோ ஒருவர் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டது ஒவ்வொன்றிலும் தெரிகிறது.

2021 ஜனவரியில் வயநாட்டின் மேப்பாடி அருகே டென்ட்டில் தங்கியிருந்த இளம்பெண் ஒருவர் காட்டு யானை தாக்கி இறந்தார். காட்டோரம் யானை வரத்தான் செய்யும். யானை நடமாடும் இடத்தில் கூடாரத்துக்கு உரிமமே இல்லாமல் ஆட்களைத் தங்கவைத்தது மனிதர் செய்த காரியம். அந்த விடுதியை மூட மாவட்ட நிர்வாகம் உத்தரவிட்டதும் அதற்காகத்தான். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் பற்றிய காட்டுத்தீ, மலையேறச் சென்ற 23 பேரின் உயிரைக் குடித்தது. அவர்கள் சென்ற தடத்துக்கு முறையான அனுமதி இல்லை என்பது பிறகு தெரியவந்தது. பணம் கட்டி வந்தவர்கள், எல்லாம் சரியாக இருக்கும் என்று நம்பி நடந்தவர்கள் அவர்கள். மலையேற்றத்துக்கெனத் தமிழக அரசு தனி விதிகள் கொண்டுவந்தது இந்தச் சாவுகளுக்குப் பிறகுதான்.

யானையும் தீயும் செய்தியாகின்றன. சத்தமில்லாமல் கொல்வது அடுப்புக்கரி. 2024 ஆகஸ்டில் கொடைக்கானல் அருகே ஒரு விடுதி அறையில், பார்பிக்யூ போட்ட கரியை அணைக்காமல் உள்ளே வைத்துக்கொண்டு தூங்கிய திருச்சி இளைஞர்கள் இருவர் காலையில் எழவில்லை. 2020 ஜனவரியில் நேபாளத்தின் தாமன் மலைவிடுதியில், கேஸ் ஹீட்டர் எரிந்த அறையில் தூங்கிய கேரளத்தைச் சேர்ந்த எட்டுப் பேர் இறந்தார்கள்; அவர்களில் குழந்தைகளும் இருந்தார்கள். புகை அடங்கிச் சிவப்பாகக் கனன்றுகொண்டிருக்கும் கரியைப் பார்த்தால் ஆபத்து ஓய்ந்துவிட்டதாகத் தோன்றும். உண்மையில் அந்த நிலையிலும் அது கார்பன் மோனாக்சைடைக் கக்கிக்கொண்டே இருக்கிறது. நிறமும் மணமும் இல்லாத அந்த வாயு, ரத்தத்தில் ஆக்சிஜன் ஒட்ட வேண்டிய இடத்தில் அதைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு ஒட்டிக்கொள்கிறது. முதலில் தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல். மலைப்பாதையின் வளைவுகளும் குளிரும் கொஞ்சம் மதுவும் சேர்ந்த இரவில் இதை யாரும் விஷவாயு என்று நினைப்பதில்லை. படுத்தால் சரியாகும் என்று படுத்துவிடுகிறார்கள். டென்ட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. மூச்சுக்காற்றின் ஈரம் உள்பக்கத் துணியில் படிந்து சொட்டும், குளிர் ஏறும், உடனே காற்றுத் திறப்பையும் ஜிப்பையும் முழுக்க மூடிவிடுவார்கள். கொரோனா காலத்தில் வாங்கிய விரல்நுனி ஆக்சிமீட்டரை நம்பவும் கூடாது. ரத்தத்தில் இருப்பது ஆக்சிஜனா இந்த விஷமா என்று அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது; உயிர் போகிற நிலையிலும் 98 என்று காட்டும். சந்தேகம் வந்தால் ஆளை உடனே வெளிக்காற்றுக்கு இழுத்து வந்து, 108ஐ அழைத்து, கரி எரிந்த விவரத்தைச் சொல்லி ஆக்சிஜன் கேட்க வேண்டும். மருத்துவமனையில் கார்பாக்சிஹீமோகுளோபின் ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்ல வேண்டும். சிகிச்சைக்கும் பிற்பாடு வழக்குக்கும் அந்த ஒரு தாள்தான் ஆதாரம்.

ஏரியைப் பற்றிச் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். நீலகிரியின் எமரால்டு, அவலாஞ்சி, அப்பர் பவானி மூன்றும் குந்தா நீர்மின் திட்டத்தின் நீர்த்தேக்கங்கள். பார்வைக்கு ஏரி, உள்ளே மலைச்சரிவு. நாலடி தள்ளினால் ஆழம், கரையில் காலை வாரும் வண்டல். மலைத் தண்ணீரின் குளிர் உடம்பில் பட்டதும் மூச்சு தன்னையறியாமல் வாரி இழுக்கும், அந்த இழுப்பில் தண்ணீர் நுரையீரலுக்குள் போய்விடும். நன்றாக நீந்துகிறவரும் இதற்கு விலக்கல்ல. பரிசலோ படகோ ஏற்றுகிறவர் உயிர்காப்பு உடை தரவில்லையென்றால் ஏறக் கூடாது, அவ்வளவுதான்.

முன்பணம் அனுப்பும் முன் என்ன கேட்பது? முதலில், நிலம் பட்டாவா, வனத்துறை எல்லைக்குள் வருகிறதா. காப்புக்காட்டில் அனுமதியின்றி நுழைவது தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். கூட்டிப்போனவர் மட்டுமல்ல, போனவரும் பதில் சொல்ல வேண்டும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் நடைமுறைக்கு வந்த இ-பாஸைக் காட்டி, அனுமதி வாங்கியாயிற்று என்று சில ஏஜென்ட்கள் சமாளிப்பார்கள். இ-பாஸ் வண்டி மலையேறுவதற்கானது, கூடாரம் போடுவதற்கானதல்ல. முகாம் நடத்துவோர் பதிவுசெய்துகொள்ளச் சுற்றுலாத் துறை வழிமுறை வைத்திருக்கிறது. அந்தப் பதிவு எண்ணைக் கேட்கலாம். சாப்பாடு போடுகிறவரிடம் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க எண் இருக்க வேண்டும், அதையும் கேட்கலாம். கழிப்பறை எவ்வளவு தூரம், இரவில் காவலுக்கு யார், காட்டெருமை வந்தால் எங்கே ஒதுங்குவது, பக்கத்து மருத்துவமனை எது என்பவை அடுத்த கேள்விகள். பதிலை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்குங்கள். இணையதளம் வழியாகப் பதிவு செய்தால், 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி சேவை தருபவரின் பெயரையும் முகவரியையும் அந்தத் தளம் காட்டியாக வேண்டும். புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.

சாகசம் என்றாலே ஆபத்துதானே, தெரிந்துதானே வருகிறார்கள் என்று நடத்துபவர்கள் கேட்கிறார்கள். பல இடங்களில் 'எது நடந்தாலும் என் சொந்தப் பொறுப்பு' என்ற தாளில் கையெழுத்தும் வாங்கிவிடுகிறார்கள். தெரிந்து ஏற்றுக்கொண்ட ஆபத்து என்று ஒன்று உண்டு: வழுக்கும் பாதை, திடீர் மழை, கடும் குளிர். கையெழுத்து அந்த அளவுக்குத்தான் செல்லும். டெல்லி நட்சத்திர விடுதி ஒன்றிலிருந்து 1998இல் விருந்தினரின் கார் திருடுபோன வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. நிறுத்துச்சீட்டில் 'உரிமையாளர் பொறுப்பில்' என்று அச்சிட்டிருந்தாலும், தன் கவனக்குறைவுக்கு அந்த வரியை விடுதி கேடயமாகப் பிடிக்க முடியாது என்று 2019 நவம்பரில் தீர்ப்பு வந்தது. காருக்குப் பொருந்தும் நியாயம் உயிருக்குப் பொருந்தாமல் போகாது என்பதே என் வாதம். கரியை டென்ட்டுக்குள் கொண்டுபோகாதீர்கள் என்று சொல்லாமல் விட்டதை எந்தக் கையெழுத்தும் மூடி மறைக்க முடியாது. அலட்சியத்தால் மரணம் நேர்ந்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவில் ஐந்து ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. அந்தக் குற்ற வழக்கை இத்தகைய தாள் தடுக்காது.

இன்னொரு ஆட்சேபம் இதைவிடக் கனமானது. மேல்மலையில் டென்ட் போடுகிறவர்களில் பூண்டும் பீன்ஸும் விளைவிக்கிற சிறு விவசாயிகளும் இருக்கிறார்கள். விலை வீழ்ந்த வருடத்தில் இரண்டு கூடாரம்தான் வீட்டுச் செலவைத் தாங்குகிறது. விதியை இறுக்கினால் இவர்கள் நசுங்குவார்கள், பெரிய ரிசார்ட்டுகள் தப்பிக்கும் என்கிறார்கள். இந்தக் கவலையில் நியாயம் இருக்கிறது. பதிவு நடைமுறை அந்த விவசாயிக்கு எட்டும்படி, வட்ட அளவிலேயே, எளிதாக நடக்க வேண்டியது அரசின் கடமை. ஆனால் உயிர்காக்கும் ஏற்பாடுகள் விலை உயர்ந்தவை அல்ல. ஆளுக்கு இன்னொரு கம்பளி, கரியை நீர் ஊற்றி அணைக்க ஒரு வாளி, கழிப்பறை வரை விளக்கு, இரவில் விழித்திருக்கும் உள்ளூர் ஆள். இவற்றுக்குக்கூடப் பணமில்லை என்றால், விருந்தினர் கொடுத்ததில் பெரும்பங்கு நகரத்து ஏஜென்ட்டிடம் நின்றுவிடுகிறது என்று பொருள். கட்டுப்பாடு முதலில் பாய வேண்டியது அங்கேதான்.

நுகர்வோர் வழக்கு வருடக்கணக்கில் இழுக்கும், யார் அலைவது என்ற சலிப்பும் எனக்குப் புரிகிறது. மூன்று மாதத்தில் தீர்க்க முயல வேண்டும் என்று சட்டம் சொன்னாலும் நடப்பில் கூடுதல் காலம் ஆகிறது. அப்படியும் இதில் சாதகங்கள் அதிகம். சம்பவம் கொடைக்கானலில் நடந்திருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் தரலாம். வக்கீல் கட்டாயமில்லை, செலுத்திய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை, இணையத்திலேயே தாக்கல் செய்யலாம். பணம் திரும்பக் கிடைத்தால் போதும் என்கிறவர்கள் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். வழக்கில்லாமலே முடிய வாய்ப்புண்டு. விளம்பர வீடியோ, வாட்ஸ்அப் உரையாடல், ஜிபே ரசீது ஆகியவற்றின் ஸ்கிரீன்ஷாட்டும் முகாமின் படங்களும் ஊர் திரும்பும் முன்பே கையில் இருக்கட்டும், ஏனென்றால் விபத்துக்குப் பிறகு முதலில் காணாமல் போவது அந்த இன்ஸ்டாகிராம் பக்கம்தான். காயமோ மரணமோ என்றால் உள்ளூர்க் காவல் நிலையத்தில் எழுத்துப் புகார் கொடுத்து நகல் வாங்க வேண்டும். சம்பவ நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் ஆணையத்துக்குப் போக வேண்டும். போனவர் உயிரோடு இல்லையென்றால், அவருடைய சட்டபூர்வ வாரிசுகள் அதே புகாரைத் தாக்கல் செய்து இழப்பீடு கோரலாம்.