மூடிவைத்துப் படிக்கும் உடற்கூற்றியல்

பேராதனையில் தொடங்கிப் பதுளை வழியாக வரும் ஏ5 வீதி செங்கலடிச் சந்தியில் முடிகிறது. டொக்டராக ஆசைப்பட்ட மட்டக்களப்புப் பிள்ளைகள் முன்பு அந்தப் பேராதனைக்கோ கொழும்புக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போய்த்தான் படித்தார்கள். இன்று செங்கலடியை அடுத்த வந்தாறுமூலையில் இருக்கும் கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கு மட்டக்களப்பிலேயே மருத்துவம் கற்பிக்கும் பீடம் உண்டு. ஆனால் எந்தப் பீடத்துக்குப் போனாலும் முதலில் மலைக்க வைப்பது உடற்கூற்றியல்தான். 206 எலும்புகள். ஒவ்வொன்றிலும் மேடு, பள்ளம், துவாரம், தசை பொருந்தும் இடம். அத்தனைக்கும் பெயர் உண்டு. உயிரியலைத் தமிழில் படித்து வந்த பிள்ளைக்கு அவை எல்லாம் ஆங்கிலத்தில் வருகின்றன.

இந்த மலைப்பில் பலர் ஒரு நல்ல பழக்கத்தைக் கைவிட்டுவிடுகிறார்கள். உயர்தரத்துக்குப் படிக்கும்போது கடந்தகால வினாத்தாள்களை வருடம் வருடமாக எடுத்து, புத்தகத்தைப் பாராமல் செய்து பழகியவர்கள் இவர்கள். கம்பஸுக்கு வந்ததும், புத்தகம் பெரிதாக இருக்கிறதே என்று பயந்து, மஞ்சள் பேனையால் கோடிட்டுக் கோடிட்டுத் திரும்பத் திரும்ப வாசிக்கத் தொடங்குகிறார்கள். அது படித்த மாதிரித் தோன்றும். பக்கம் பழகிவிடுவதால் வரும் தோற்றம் அது.

அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கும் 2006இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. ஒரு குழு ஒரு பகுதியை நான்கு தடவை வாசித்தது. இன்னொரு குழு ஒரு தடவை வாசித்துவிட்டு, மூன்று தடவை பாராமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது வாசித்தவர்களே முன்னுக்கு நின்றார்கள்: 83 வீதம், மற்றவர்கள் 71. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் வாசித்தவர்களிடம் எஞ்சியது 40 வீதம், எழுதியவர்களிடம் 61. சோதனைக்கு முதல்நாள் இரவு வாசித்தவருக்குக் காலையில் எல்லாம் தெரிவதும், அடுத்த மாதம் வார்ட்டில் ஒன்றும் வராததும் இதனால்தான்.

உடற்கூற்றியலுக்கு இதைப் பொருத்திப் பார்க்கப் பிரேக்கியல் பிளெக்ஸஸை விட நல்ல இடம் இல்லை. கழுத்திலிருந்து கைக்கு வரும் நரம்புப் பின்னல் அது. ஐந்து வேர்கள் சேர்ந்து மூன்று தண்டுகள், தண்டுகள் பிரிந்து ஆறு பிரிவுகள், அவை மீண்டும் சேர்ந்து மூன்று வடங்கள், கடைசியில் ஐந்து பெரிய நரம்புகள். உடற்கூற்றுப் படநூலான அட்லஸைப் பார்த்து இதை அழகாகப் பிரதி பண்ணுவதில் பயன் குறைவு. மூடிவைத்து, வெற்றுத் தாளில் கீறுங்கள். எங்கே பேனை நிற்கிறதோ அங்கேதான் படிக்க வேண்டியது இருக்கிறது. திறந்து அதை மட்டும் பாருங்கள், மூடுங்கள், திரும்பக் கீறுங்கள். நாளைக்கு ஒரு தடவை, மூன்று நாள் விட்டு ஒரு தடவை, அடுத்த வாரம் ஒரு தடவை. கொஞ்சம் மறந்த பிறகு கஷ்டப்பட்டு நினைவுக்குக் கொண்டுவருவதுதான் நிலைக்கிறது. ஒரே இருப்பில் பத்துத் தடவை கீறுவதற்கு அந்தப் பலன் இல்லை.

இலங்கைக் கம்பஸ்களில் குப்பி என்ற அருமையான வழக்கம் இருக்கிறது. விளங்கியவர் விளங்காதவர்களைக் கூட்டிவைத்துச் சொல்லிக்கொடுப்பார். கேட்கிறவரை விடச் சொல்லிக்கொடுக்கிறவருக்கே அதில் லாபம் அதிகம் என்பது என் எண்ணம். ஆகவே குப்பியை ஒரே கெட்டிக்காரரிடம் விடாமல் முறை வைத்து எல்லாரும் கொடுக்க வேண்டும். தமிழிலேயே கொடுக்கலாம். "ஹியூமரஸ் நடுவில முறிஞ்சா மணிக்கட்டு ஏன் தொங்குது மச்சான்?" என்று ஒருவர் கேட்க, ரேடியல் நரம்பு அந்த எலும்பை ஒட்டிப் பின்பக்கமாகச் சுற்றி வருவதை மற்றவர் தன் கையிலேயே தொட்டுக் காட்டட்டும். காரணம் தாய்மொழியில் விளங்கிவிட்டால் ஆங்கிலப் பெயர் ஒட்டிக்கொள்ளும். பிறகு விடையை ஆங்கிலத்தில் வாய்விட்டுச் சொல்லிப் பழக வேண்டும். வைவா என்ற வாய்மொழிச் சோதனையில் கேள்வி அந்த மொழியில்தான் வரும்.

மருத்துவத்தைத் தமிழில் சொல்லிக்கொடுப்பது இத்தீவுக்குப் புதிதும் அல்ல. 1847இல் யாழ்ப்பாணம் வந்த மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் மேலைமருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார். 1872இல் 'மனுஷ அங்காதிபாதம்' என்ற உடற்கூற்று நூலையும் வெளியிட்டார்.

அட்லஸ் இல்லாத நேரத்திலும் உங்கள் கை கூடவே இருக்கிறது. பெருவிரலையும் சின்னவிரலையும் சேர்த்து மணிக்கட்டைச் சற்று மடியுங்கள். நடுவில் துருத்தி நிற்பது பாமாரிஸ் லோங்கஸ் தசைநாண். சிலருக்கு அது பிறப்பிலேயே இருக்காது. பஸ்ஸில் பக்கத்தில் இருக்கும் நண்பரின் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். பார்த்ததும், அதன் அருகே ஆழத்தில் ஓடும் நரம்பின் பெயரைப் புத்தகம் திறக்காமல் அவரிடம் கேளுங்கள்.