ஒரு கரைசல், ஒரே மின்னழுத்தம்

பெர்ரஸ் சல்பேட்டைச் சீரிக் சல்பேட்டால் தரம்பார்க்கும்போது கூம்புக்குடுவைக்குள் இரண்டு ஆக்சிஜனேற்ற-ஒடுக்க இணைகள் சேர்ந்திருக்கின்றன. 1 மோலார் சல்பியூரிக் அமிலத்தில் பெர்ரிக்–பெர்ரஸ் இணைக்கு 0.68 வோல்ட், சீரிக்–சீரஸ் இணைக்கு 1.44 வோல்ட். அதில் அமிழ்ந்திருக்கும் பிளாட்டினக் கம்பி எந்த மின்னழுத்தத்தைக் காட்டும்? ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்து விடை சொல்வது மின்கலக் கணக்கு, இங்கே செல்லாது. வினை சமநிலைக்கு வந்தபின் இரு இணைகளுக்கும் மின்னழுத்தம் ஒன்றே. வேறுபாடு மிச்சமிருந்தால் எலக்ட்ரான்கள் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கும்.

எனவே நெர்ன்ஸ்ட் சமன்பாட்டை எந்த இணைக்கு எழுதினாலும் விடை அதுவே. செறிவு எளிதில் தெரிகிற இணையை எடுத்துக்கொள்வதே கெட்டிக்காரத்தனம். 0.1 மோலார் பெர்ரஸ் 50 மி.லி. இருக்க, அதே செறிவில் சீரிக் 10 மி.லி. விட்டால் பெர்ரிக்–பெர்ரஸ் விகிதம் 1:4. விகிதத்தின் மடக்கையை 0.059ஆல் பெருக்கி 0.68உடன் கூட்டினால் 0.64 வோல்ட். 25 மி.லி.யில் விகிதம் 1, மடக்கை சுழி, ஆகவே 0.68. 60 மி.லி. விட்டபின் பெர்ரஸ் ஏறத்தாழ இல்லை. சீரிக்–சீரஸ் 1:5 என்பதிலிருந்து 1.40 வோல்ட் வரும். கரைசல் நீர்த்துப்போவது விகிதத்தைத் தொடாது.

சிக்கல் சரியாக 50 மி.லி.யில். மிஞ்சிய பெர்ரஸ் எவ்வளவு, வினைபுரியாத சீரிக் எவ்வளவு என்று நேரடியாகத் தெரியாது. ஆனால் இரண்டும் சமம். பெர்ரிக்கும் சீரஸும் சமம். இரு சமன்பாடுகளையும் கூட்டினால் மடக்கைக்குள் இருப்பவை ஒன்றையொன்று அடித்துக்கொள்கின்றன. மிஞ்சுவது 0.68, 1.44 இரண்டின் சராசரி: 1.06 வோல்ட். அந்நிலையில் ஒரு பெர்ரஸ் அயனிக்குச் சுமார் 26 லட்சம் பெர்ரிக் அயனிகள். 49.95 மி.லி.யில் 0.86ஆக இருந்தது 50.05இல் 1.26ஆகிறது, இரண்டு சொட்டில் 0.4 வோல்ட் தாவல். பெரோயின் நிறங்காட்டி சிவப்பிலிருந்து வெளிர் நீலமாவது இந்தத் தாவலுக்குள்தான்.

இந்தச் சராசரியைப் பலர் பொதுவிதியாக மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். இரு இணைகளும் சம எண்ணிக்கையில் எலக்ட்ரான் மாற்றும்போதே அது பொருந்தும். பெர்மாங்கனேட் ஐந்து எலக்ட்ரான் ஏற்பது. அதன் மின்னழுத்தத்தை ஐந்தால் பெருக்கி, இரும்பினுடையதைக் கூட்டி, ஆறால் வகுக்க வேண்டும். அமிலச் செறிவும் கணக்கில் வரும்.

இதைவிடப் பெரிய தவறு ஆய்வகத்துக்கு வெளியே நடக்கிறது. நிலத்தடி நீரில் ஆக்சிஜன், நைட்ரேட், சல்பேட் ஆகியவை ஒன்றோடொன்று மிக மெதுவாகவே வினைபுரிகின்றன, பிளாட்டினத்தோடும் அப்படியே. 1984இல் லிண்ட்பெர்க், ரன்னல்ஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் நிலத்தடி நீர்ப் பகுப்பாய்வுகளைத் தொகுத்து, இணைக்கு இணை நெர்ன்ஸ்ட் கணக்கிட்டுப் பார்த்தார்கள். விடைகள் தமக்குள்ளும் ஒத்துப்போகவில்லை, மின்முனை காட்டிய அளவோடும் ஒத்துப்போகவில்லை. சமநிலையே இல்லாத நீரில் ஒற்றை எண்ணை அளந்து, அதிலிருந்து எல்லா அயனிகளின் விகிதத்தையும் கணிப்பது வெறும் ஊகம். அங்கே ஒவ்வொரு இணையின் செறிவையும் தனியாகப் பகுத்தறிய வேண்டும்.