வகுப்பு லிங்க் வெளியே போகும்போது

2019 ஏப்ரல் 3 அன்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, டிக்டாக் செயலியைத் தரவிறக்க முடியாதபடி தடுக்குமாறு மத்திய அரசுக்கு இடைக்கால உத்தரவிட்டது. பிள்ளைகள் கெட்டுப்போகிறார்களே என்ற கவலை அதன் பின்னே இருந்தது. ஏப்ரல் 24 அன்று தடை விலகியது. ஓராண்டுகூட ஆகவில்லை, கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டதும், அதே பிள்ளைகளிடம் நாமே செல்போனைக் கொடுத்துப் பாடம் கவனிக்கச் சொன்னோம். தடுப்பதா கொடுப்பதா என்றே பேசிக்கொண்டிருந்ததில், பொறுப்போடு பயன்படுத்தக் கற்றுக்கொடுப்பது விட்டுப்போயிற்று. ஆன்லைன் வகுப்பில் முதலில் நடத்தியிருக்க வேண்டிய பாடம் அதுதான்.

வகுப்பு லிங்க் வாட்ஸ்அப் குழுவில் வருகிறது. ஒரு மாணவன் விளையாட்டாக அதை வெளியே அனுப்பினால், முகம் தெரியாத ஒருவர் வகுப்புத் தோழன் பெயரிலேயே உள்ளே வந்துவிடலாம். பாடம் நடத்தும் ஆசிரியையின் வாய் கோணிய ஒரு நொடியை ஸ்கிரீன்ஷாட் எடுத்தால், சற்று நேரத்தில் அது ஸ்டிக்கராகச் சுற்றும். எடுத்தவனே வருந்தி அழித்தாலும் மற்றவர்கள் போனிலிருந்து போகாது. உசிலம்பட்டி, மேலூர் பக்கத்துக் கிராமங்களில் வீட்டுக்கே ஒரு ஸ்மார்ட்போன் என்ற நிலை புதிதல்ல. அப்பா வேலை முடிந்து வந்த பிறகுதான் அது பிள்ளை கைக்குக் கிடைக்கும். ஆதார் அட்டைப் படம், ஜிபே, வங்கி ஓடிபி எல்லாம் அதில்தான். வந்த லிங்கையெல்லாம் தட்டினால் நஷ்டம் குடும்பத்துக்கு.

கண்காணித்தால் போதாதா என்று கேட்கலாம். 2021 மே மாதம், சென்னைப் பள்ளி ஒன்றின் ஆசிரியர் மீது பாலியல் புகார்கள் எழுந்தபின், ஆன்லைன் வகுப்புகளை முழுமையாகப் பதிவுசெய்து, பெற்றோரும் இடம்பெறும் குழு ஆராய வேண்டும் எனத் தமிழக அரசு அறிவித்தது. பெரியவர்களிடமிருந்து பிள்ளைகளைக் காக்க அது கட்டாயம் வேண்டும். ஆனால் மாணவர்கள் தமக்குள் வைத்திருக்கும் தனிக் குழுவில் என்ன சுற்றுகிறது என்பது அந்தப் பதிவில் வராது. 'அனுப்பு' பொத்தானைத் தொடும் நொடியில் அந்தப் பிள்ளையைத் தவிர வேறு யாரும் அங்கே இல்லை.

சிறுவர் தலையில் இவ்வளவு பாரமா என்ற கேள்வி இன்னும் கனமானது. சட்டத்தின், நிறுவனங்களின் கடமை அப்படியேதான் இருக்கிறது. தனக்கோ தோழிக்கோ தீங்கு நேர்ந்தால் பள்ளிக் கல்வித் துறையின் 14417, குழந்தைகளுக்கான 1098, பணமோசடிக்கு 1930 என்று அழைக்கத் தெரிவதும் இந்தப் பாடத்தில் சேர்ந்ததே. பெரியவர்களுக்கும் இதில் வேலை உண்டு. யார் எவ்வளவு மார்க் என்று பெயரோடு பெற்றோர் குழுவில் போடுவதைப் பள்ளிகள் முதலில் நிறுத்தட்டும். அனுமதி கேட்டுப் பகிரும் பழக்கத்தைப் பிள்ளைகளிடம் அதன்பிறகு எதிர்பார்க்கலாம்.