மாத்திரை சாப்பிட்டால் எலும்பு மெலியுமா?

ஏடிஹெச்டி எனும் கவனக்குறைவு, மிகைத்துடிப்புக் கோளாறு உள்ள பிள்ளைகள் சாப்பிடும் மாத்திரைகளைப் பற்றி இரண்டு ஆய்வுகள் அடுத்தடுத்து வந்தன. இந்தப் பிள்ளைகளுக்கு எலும்பு அடர்த்தி குறைவாக இருக்கிறது என்றது 2016இல் வந்த அமெரிக்க ஆய்வு. தொடர்ந்து மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு எலும்பு முறிவு குறைவாக இருக்கிறது என்றது 2017இல் வந்த தைவான் ஆய்வு. ஒன்றைப் படித்த பெற்றோர் மாத்திரையை நிறுத்தப் பார்ப்பார்கள். மற்றொன்றைப் படித்தவர்கள் நிம்மதியாகத் தூங்குவார்கள். இரண்டுமே அவசரம்.

அமெரிக்க அரசு தொடர்ந்து நடத்தும் ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பில் 2005 முதல் 2010 வரை பங்கேற்ற 8 முதல் 20 வயதுக்குட்பட்ட 6,489 பேரின் பதிவுகள்தான் முதல் ஆய்வுக்கு அடிப்படை. மெத்தில்ஃபெனிடேட், ஆம்ஃபெட்டமைன் போன்ற ஊக்கி மருந்துகளை எடுத்தவர்களுக்கு இடுப்பு முதுகெலும்பிலும் தொடை எலும்பிலும் அளவுகள் ஏறக்குறைய 4, 5 சதவீதம் குறைவு. கேட்பதற்குச் சின்ன எண்தான். ஆனால் இந்த வயதை நினைத்துப் பார்க்க வேண்டும். ஒருவர் ஆயுளில் சேர்க்கும் எலும்பில் சுமார் 90 சதவீதம் 20 வயதுக்குள் சேர்ந்துவிடுகிறது. பிள்ளை சடசடவென வளரும் ஓரிரு ஆண்டுகளில் மட்டும் கால்வாசி.

இங்கே கருவியின் குணத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எலும்பின் கனஅளவைப் பார்ப்பதில்லை. நிழற்படம் போலத் தட்டையாகப் பார்த்து, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை கிராம் தாது என்று சொல்கிறது. அதனால் உடல்வாகு சிறிய பிள்ளையின் எலும்பு, திடமாகவே இருந்தாலும், எண்ணில் குறைத்துக் காட்டப்படலாம். மாத்திரை சாப்பிடும் பிள்ளைகள் உடல்வாகில் சற்றுச் சிறியவர்களாக இருப்பது தெரிந்த விஷயம். அமெரிக்காவில் 579 பிள்ளைகளை வைத்துத் தொடங்கிய எம்டிஏ என்ற நீண்ட ஆய்வில், புதிதாக மருந்து தொடங்கித் தொடர்ந்து எடுத்தவர்கள், எடுக்காதவர்களைவிட மூன்று ஆண்டுகளில் சுமார் 2 சென்டிமீட்டர் குட்டையாகவும் 2.7 கிலோ எடை குறைந்தும் இருந்தார்கள்.

எலும்பின் அளவுகள் குறைவதற்கு முதல் காரணமாகப் பசியைத்தான் சொல்வேன். காலை எட்டு மணிக்குப் போட்ட நீண்டநேர மாத்திரை மதியத்தில் முழு வேகத்தில் இருக்கும். அந்த நேரத்தில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால் பிள்ளைக்குச் சோற்றைப் பார்க்கவே பிடிக்காது. தயிர்சாதம் அப்படியே வீட்டுக்குத் திரும்பி வரும். மருந்தின் வேகம் தணிந்த பிறகு, இரவு ஏழெட்டு மணிக்குத் திடீரென்று அகோரப் பசி எடுக்கும். அப்போது கையில் கிடைப்பது சிப்ஸ் பாக்கெட் என்றால் கால்சியமும் இல்லை, புரதமும் இல்லை. எடை ஏறாத உடலின் எலும்புக்குச் சுமையும் குறைவு. சுமை தாங்கித்தானே எலும்பு உறுதிப்படுகிறது.

இரண்டாவது காரணம் நரம்பு வழியாக வருகிறது. இந்த மருந்துகள் மூளையில் டோபமினையும் நார்அட்ரினலினையும் கூட்டுகின்றன. கவனம் நிலைப்பது அதனால்தான். அதே நார்அட்ரினலினுக்கு எலும்பைக் கட்டும் செல்களிலும் ஏற்பிகள் உண்டு. ஜெரார்ட் கார்சென்டியின் குழு 2002இல் எலிகளில் இதைக் காட்டியது: அந்த ஏற்பிகளைத் தடுக்கும் ப்ரோப்ரனலால் கொடுத்தபோது எலும்பு கூடியது. தூண்டினால் குறையும் என்று ஊகிப்பதில் தவறில்லை. ஆனால் பிள்ளைகளிடம் அது இன்னும் ஊகம்தான். 2012இல் வெளியான இன்னொரு எலி ஆய்வில், வளரும் பருவத்தில் மெத்தில்ஃபெனிடேட் பெற்ற எலிகளின் எலும்பு பலவீனப்பட்டது. மருந்தை நிறுத்தியதும் சில வாரங்களிலேயே பெரும்பாலும் தேறிவிட்டது. எனக்கு ஆறுதலான முடிவு இது.

இனி முறிவுக் கணக்கு. தைவான் ஆய்வில், ஆறு மாதத்துக்கு மேல் மெத்தில்ஃபெனிடேட் எடுத்த பிள்ளைகளுக்கு முறிவு அபாயம் சுமார் 23 சதவீதம் குறைந்திருந்தது. ஹாங்காங் ஆய்வாளர்கள் 2015இல் இன்னும் சாமர்த்தியமாக ஒன்று செய்தார்கள். ஒரு பிள்ளையை வேறொரு பிள்ளையோடு ஒப்பிடாமல், மருந்து எடுத்த நாள்களையும் எடுக்காத நாள்களையும் அதே பிள்ளையிடம் ஒப்பிட்டார்கள். மருந்து எடுத்த நாள்களில் காயத்துக்காக அவசரப் பிரிவுக்கு வருவது சுமார் 9 சதவீதம் குறைந்தது.

முரண்பாடு இங்கேதான் தீர்கிறது. சிறுவயதில் எலும்பு முறிவதற்குப் பெரும்பாலும் காரணம் விழுவதும் மோதுவதும்தான். மாடிப்படியில் தாவுவது, திரும்பிப் பார்க்காமல் சாலையில் ஓடுவது, சைக்கிளில் கையை விடுவது, கீழே விழும்போது கையை ஊன்றி மணிக்கட்டை உடைத்துக்கொள்வது. மருந்து இந்த அவசரத்தனத்தைக் குறைக்கிறது. எலும்பில் நாலு சதவீதம் குறைந்தாலும் விழுவது அதைவிட அதிகமாகக் குறைந்துவிடுகிறது. இன்றைய கையைக் காப்பாற்றுகிறது என்பதால் எதிர்கால எலும்பைப் பற்றிக் கவலையே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். பயந்து மாத்திரையை நிறுத்துவது அதைவிட மோசமான யோசனை.

பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பின்படி இந்த மருந்து எடுக்கும் பிள்ளைகளின் உயரத்தை ஆறு மாதத்துக்கு ஒருமுறை அளக்க வேண்டும். 10 வயதுக்குட்பட்டவர்களின் எடையை மூன்று மாதத்துக்கு ஒருமுறை. உங்கள் மருத்துவர் அளக்காவிட்டால் கேளுங்கள். காலையில் மாத்திரைக்கு முன்பே வயிறு நிறையச் சாப்பிடக் கொடுங்கள். இரவுப் பசிக்குக் கேழ்வரகுத் தோசையும் பாலும் முட்டையும் தயாராக இருக்கட்டும். மாலையில் வெயில் தாழ்வதற்குள் ஓடி விளையாட விடுங்கள். மருந்தின் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் நிறுத்துவதும் மட்டும் மருத்துவர் பொறுப்பு.