பழைய பில்லைக் காட்டிப் பக்கத்து வீட்டார் பணம் கேட்டால் என்ன செய்வது?

"2016-இல உங்க வீட்டுத் தண்ணி பில்லையும் சேர்த்து நான்தான் கட்டினேன். 1,800 வெள்ளி வரணும். இந்த மாசமாவது கொடுத்துடுங்க."

கிள்ளான் பக்கம் ஒரு மலிவு விலை அடுக்குமாடியில் குடியிருக்கும் உங்களிடம், எதிர்வீட்டுக்காரர் இப்படித் திடீரென்று கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். உங்களுக்கோ அப்படி ஒரு கடன் இருந்ததாக நினைவே இல்லை. தினமும் மின்தூக்கியில் பார்க்கும் முகம். தைப்பூசத்துக்குப் பத்துமலைக்கு ஒரே வேனில் போன குடும்பம். மறுத்தால் பகை, கொடுத்தால் நட்டம். இந்தச் சங்கடத்தில் நம்மவர்களில் பலர் செய்வது ஒன்றுதான்: "சரிண்ணே, இப்போதைக்கு இந்த நூறு வெள்ளிய வச்சுக்குங்க, மீதிய பிறகு பார்க்கலாம்."

சமாதானத்துக்காகக் கொடுக்கும் அந்த நூறு வெள்ளிதான் பிறகு பெரிய தலைவலியாக முடியும். அதற்குக் காரணம் 1953-ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டம்.

தீபகற்ப மலேசியாவில் நடப்பில் இருக்கும் இந்தச் சட்டத்தின் 6-ஆவது பிரிவு, ஒப்பந்தத்தின் பேரில் வர வேண்டிய பணத்துக்கு 6 ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும் என்கிறது. அண்டை வீட்டாரின் கொடுக்கல் வாங்கலும் வழக்கமாக இந்தக் கணக்கில்தான் வரும். பணம் தர வேண்டிய நாள் வந்தும் தராமல் போனதிலிருந்து 6 ஆண்டு ஓடத் தொடங்குகிறது. 2016 மார்ச்சில் தர வேண்டியது என்றால் 2022 மார்ச்சோடு காலம் முடிந்தது. ஆனால் அதே சட்டத்தின் 26-ஆவது பிரிவு இன்னொன்றையும் சொல்கிறது. கடன்பட்டவர் அந்தக் கடனை ஒப்புக்கொண்டாலோ, அதன் பேரில் ஏதாவது ஒரு தொகையைச் செலுத்தினாலோ, கடைசியாகச் செலுத்திய அல்லது ஒப்புக்கொண்ட நாளிலிருந்து கணக்கு புதிதாகத் தொடங்கும். தொகை சிறியதா பெரியதா என்பது பொருட்டில்லை. ஒப்புதல் எழுத்தில், கையொப்பத்துடன் இருக்க வேண்டும் என்கிறது 27-ஆவது பிரிவு. பணம் செலுத்தினாலோ அந்தக் கையொப்பம்கூடத் தேவையில்லை.

ஆகவே முதல் நாள் பேச்சில் கவனம் வேண்டும். "தர்றேன்", "கொஞ்சம் டைம் கொடுங்க" என்று வாட்ஸ்அப்பில் தட்டி அனுப்பிவிட்டால், வழக்கு என்று வரும்போது எதிர்த்தரப்பு மேசையில் வைக்கும் முதல் காகிதம் அதுவாகத்தான் இருக்கும். அதற்காக முகத்தில் அடித்தாற்போல் பேசவும் வேண்டாம். "அண்ணே, பில்லையும் கட்டின ரசீதையும் ஒரு காப்பி கொடுங்க. பார்த்துட்டு அடுத்த வாரம் பேசுறேன்" என்றால் போதும். இதில் மரியாதையும் இருக்கிறது. கடனை ஒப்புக்கொண்ட சொல் ஒன்றுகூட இல்லை.

பில் கைக்கு வந்ததும்

பில்லை உட்கார்ந்து படியுங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும். கணக்கு யார் பெயரில் இருக்கிறது? எந்த முகவரி, எந்த வீட்டு எண்? எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை? நீங்கள் அந்த வீட்டுக்குக் குடிவந்த தேதி என்ன? வாடகை ஒப்பந்தமோ சாவி வாங்கிய கடிதமோ இருந்தால் எடுத்து வையுங்கள். முன்பிருந்தவர் விட்டுப் போன பாக்கியை இப்போது இருப்பவர் தலையில் கட்டுவது நடக்காத காரியமல்ல.

சிலாங்கூரில் தண்ணீர்க் கட்டணம் என்றால் இன்னொரு நுணுக்கம் உண்டு. 2008 முதல் மாநில அரசு மாதந்தோறும் முதல் 20 கன மீட்டர் நீரைத் தனி மீட்டர் உள்ள வீடுகளுக்கு இலவசமாகக் கொடுத்தது. 2020-இல்தான் அது குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு மட்டும், விண்ணப்பித்தால் கிடைக்கும் திட்டமாக மாறியது. எனவே 2016-ஆம் ஆண்டு பில்லில் அந்தக் கழிவு தெரிகிறதா என்று பாருங்கள். பழைய பில்லில் ஆயர் சிலாங்கூர் என்பதற்குப் பதிலாகச் சியாபாஸ் என்று இருக்கும். அதைக் கண்டு போலி பில் என்று நினைத்துவிட வேண்டாம். பிரிக்பீல்ட்ஸ் கோலாலம்பூரில் இருப்பதால் அங்குள்ளவர்களுக்கு இந்த இலவச நீர்க் கணக்கு பொருந்தாது. மொத்தக் கட்டடத்துக்கும் ஒரே மீட்டர் இருந்த அடுக்குமாடிகளில் கதை வேறு. அங்கே நிர்வாகக் குழுதான் வீடு வீடாக வசூலித்தது. அந்தக் குழுவின் பதிவேட்டில் உங்கள் வீடு கட்டியதா, பாக்கி வைத்ததா என்பது எழுதப்பட்டிருக்க வேண்டும். எதிர்வீட்டுக்காரரின் வாய்க்கணக்கைவிட அது பெரிய சாட்சி.

தோட்டத்துக் கடையில் 555 புத்தகத்தில் பற்று எழுதி வாங்கிய தலைமுறைக்கு இது புரியும். கடைக்காரர் கையில் ஒரு புத்தகம், நம் கையில் ஒரு புத்தகம். இரண்டும் ஒத்துப்போனால்தான் மாசக் கடைசியில் கணக்கு முடியும். பணம் கேட்பவர்தான் தன் கோரிக்கையை நிரூபிக்க வேண்டும் என்று 1950-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டமும் சொல்கிறது. "நான் கொடுக்க வேண்டியதில்லை" என்று நிரூபிக்கும் சுமையை முதல் நாளே நீங்கள் ஏற்றுக்கொள்ள வேண்டாம்.

"நான் கேட்கவே இல்லையே, அவராகக் கட்டினார்"

இது பலரும் சொல்லும் பதில். ஆனால் எப்போதும் செல்லாது. 1950-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தில் 71-ஆவது பிரிவு இருக்கிறது. இருவருக்கும் இடையே வாய்மொழி ஒப்பந்தம்கூட இல்லாவிட்டாலும், ஒருவர் மற்றவருக்காக ஒன்றைச் செய்து, மற்றவர் அதன் பலனை அனுபவித்தால் ஈடு கொடுக்க வேண்டிவரும். 1967-இல் சியோவ் வோங் ஃபாட் என்பவருக்கும் சூசூர் ரோத்தான் சுரங்க நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கில், லண்டன் பிரிவி கவுன்சில் இதற்கு நான்கு நிபந்தனைகளைக் குறிப்பிட்டது. செய்த காரியம் சட்டப்படியானதாக இருக்க வேண்டும். அது மற்றவருக்காகச் செய்யப்பட்டிருக்க வேண்டும். இலவசமாகச் செய்யும் எண்ணம் இருந்திருக்கக் கூடாது. மற்றவர் பலனை அனுபவித்திருக்க வேண்டும். நான்கும் சேர்ந்தால்தான் கோரிக்கை நிற்கும்.

நம் ஆள் விஷயத்தில் இதைப் பொருத்திப் பாருங்கள். நீங்கள் வேலையில்லாமல் இருந்த மாதங்களில், "பிள்ளைங்க இருக்கிற வீடு, தண்ணிய வெட்டிட்டுப் போயிடுவான்" என்று பரிதாபப்பட்டு அவர் கட்டினாரா? அப்படியானால் அது உதவி. மூன்றாவது நிபந்தனையில் அவர் கோரிக்கை தடுக்கும். "இப்போ நான் கட்டுறேன், பிறகு கொடுங்க" என்று அப்போதே சொல்லியிருந்தால் அது வேறு. ஒன்பது ஆண்டு வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு, கார் நிறுத்துமிடச் சண்டை வந்த மறுவாரம் கேட்கிறார் என்றால், அன்று அவர் மனத்தில் என்ன இருந்தது என்ற கேள்வி தானாக எழும். அவர் கேட்பது தண்ணீர் பில்லாக இல்லாமல், தெனாகா மீட்டரைச் சுற்றி இழுத்த கம்பிக்கான பங்காக இருந்தால் முதல் நிபந்தனையிலேயே சிக்கல்.

அப்பா பட்ட கடன் என்று வந்தால் நம் மனம் இன்னும் இளகும். "உங்க அப்பா இருந்தப்போ நான் கட்டினது" என்று யாராவது சொன்னால், அப்பா பெயர் கெடக் கூடாது என்று பிள்ளைகள் நகையை அடகு வைத்தாவது கொடுப்பார்கள். சட்டத்தில், இறந்தவரின் கடன் அவர் விட்டுப்போன சொத்திலிருந்துதான் தீர்க்கப்பட வேண்டும். பிள்ளை என்ற ஒரே காரணத்துக்காக அது உங்கள் சொந்தக் கடனாகிவிடாது. மன நிறைவுக்காகக் கொடுக்க நினைப்பது உங்கள் விருப்பம். ஆனால் சொல்வது உண்மைதானா என்று விசாரித்த பிறகு கொடுங்கள்.

அதேபோல், கடன் உண்மை, நன்றாக நினைவிருக்கிறது, ஆறு ஆண்டு ஓடிவிட்டது என்பதற்காக மட்டும் கையை விரிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். காலவரம்பு வழக்கைத்தான் தடுக்கிறது. வாங்கியதை இல்லையென்று ஆக்கிவிடாது. கொடுப்பதானால் ரொக்கமாகக் கொடுக்காமல் வங்கிக் கணக்குக்கு அனுப்புங்கள். எதற்கான பணம் என்று அதில் குறிப்பிடுங்கள். முழுமையான, இறுதியான தீர்வு என்று ஒரு தாளில் எழுதி, இருவரும் அடையாள அட்டை எண்ணோடு கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

மேல்வீட்டு ஒழுகலைச் சரிசெய்த பில் என்றால் எதிர்வீட்டாரோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. 2013-ஆம் ஆண்டின் அடுக்குமாடி நிர்வாகச் சட்டப்படி, கூரையில் ஈரம் கசிந்தால், வேறுவிதமாக நிரூபிக்கப்படாதவரை கோளாறு மேலேயுள்ள வீட்டிலோ பொதுப் பகுதியிலோ இருப்பதாகவே கருதப்படும். புகார் கொடுத்த 7 நாளுக்குள் கட்டட நிர்வாகம் வந்து பார்க்க வேண்டும். அந்தச் சோதனைச் சான்றிதழ் இல்லாமல் பாதிப் பணம் கொடு என்றால் முதலில் சான்றிதழைக் கேளுங்கள். கூட்டுப் பணப் பாக்கி என்றால் அது தனிக் கதை. கூட்டு நடத்துவதைத் தொழிலாகச் செய்வதை 1971-ஆம் ஆண்டிலேயே ஒரு சட்டம் தடை செய்துவிட்டது. அதில் பேச்சுவார்த்தைக்கு முன் வழக்கறிஞரைப் பார்ப்பது நல்லது.

பேசித் தீராவிட்டால்

உங்கள் வட்டார ருக்குன் தெத்தாங்காவில் விசாரியுங்கள். ஒற்றுமைத் துறையிடம் பயிற்சி பெற்ற சமூக நடுவர்கள் இருக்கிறார்கள். கோயில் தலைவரையோ தாமான் பெரியவரையோ வைத்துப் பேசுவதில் தவறில்லை. ஆனால் அங்கே அவர்கள் பக்கம் நாலு பேர், நம் பக்கம் ஆறு பேர் என்று கூட்டம் கூடிவிடும். சமூக நடுவர் யார் பக்கமும் இல்லாதவர். எழுத்தில் ஒரு சலுகை சொல்ல வேண்டுமானால், கடிதத்தின் மேலே "தன்பா பிரெஜுடிஸ்" என்று எழுதுங்கள். சமரசத்துக்காகச் சொன்னதை ஒப்புதலாகக் காட்டி உங்களுக்கு எதிராகப் பயன்படுத்தாதிருக்க வழக்கறிஞர்கள் பயன்படுத்தும் சொல் அது.

காவல் நிலையத்துக்குப் போனால் இது சிவில் விவகாரம் என்று அனுப்பிவிடுவார்கள், அது சரியும்தான். ஆனால் வாசலில் சாயம் ஊற்றுவது, "கடன்காரன்" என்று உங்கள் படத்தோடு தூணில் ஒட்டுவது, பிள்ளைகளைப் பள்ளி வாசலில் மறிப்பது, கையைக் காலை உடைப்பேன் என்பது இவையெல்லாம் வேறு விஷயம். மிரட்டல் தண்டனைச் சட்டத்தின் 503, 506-ஆவது பிரிவுகளின் கீழ்க் குற்றம். ஒட்டிய தாளைக் கிழிக்கும் முன் படம் எடுங்கள். குரல் பதிவுகளை அழிக்காதீர்கள். பிறகு புகார் கொடுங்கள்.

வழக்கறிஞரிடமிருந்து கடிதம் வந்தால் பதற வேண்டாம். அது நீதிமன்ற உத்தரவு அல்ல. ஆனால் நீதிமன்றச் சம்மன் வந்தால் மேசை இழுப்பறையில் போட்டுவிடாதீர்கள். 5,000 ரிங்கிட்டுக்கு மேற்படாத கோரிக்கையை மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கைப் பிரிவில் ஒருவர் தாக்கல் செய்யலாம். தனிமனிதர்கள் மோதும் வழக்கில் இரு தரப்புக்கும் வழக்கறிஞர் கிடையாது. 198-ஆம் படிவம் உங்கள் கைக்கு வந்தால், 14 நாளுக்குள் 199-ஆம் படிவத்தில் பதில் எழுதித் தாக்கல் செய்ய வேண்டும். பதில் தராமலும் விசாரணைக்குப் போகாமலும் இருந்தால், கடனே இல்லாதவருக்கு எதிராகக்கூட தீர்ப்பு வந்துவிடும். பிறகு அதை ரத்து செய்ய அலைய வேண்டும்.

ஆறு ஆண்டு கடந்த கணக்கு என்றால் அதையும் அந்தப் பதிலிலேயே எழுதுங்கள். காலம் முடிந்துவிட்டது என்று நீதிமன்றம் தானாகக் கண்டுபிடித்து வழக்கைத் தள்ளாது. காலவரம்பை எதிர்வாதமாக முன்வைக்க வேண்டியது நீங்கள்தான் என்று சட்டத்தின் 4-ஆவது பிரிவு சொல்கிறது. தேசிய மொழியில் "துந்துத்தான் இனி தெர்ஹாலாங் ஓலே ஹாட் மாசா" என்ற ஒரு வரி போதும். அதன் கீழே தேதிகளைக் குறிப்பிடுங்கள். மலாய் எழுதச் சிரமமென்றால் பிள்ளைகளையோ சட்ட உதவித் துறை அலுவலகத்தையோ நாடலாம். குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கு அங்கே ஆலோசனை கிடைக்கும். விசாரணை நாளில் பில், ரசீது, வாடகை ஒப்பந்தம், வாட்ஸ்அப் உரையாடல் எல்லாவற்றின் அசலையும் இரண்டு பிரதியையும் எடுத்துப் போங்கள். தமிழில்தான் விளக்கமாகச் சொல்ல வரும் என்றால், மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று பதிவகத்தில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.