ஜிபியு ஸ்பீடுதான்... அப்புறம் ஏன் வேலை நகர மாட்டேங்குது?

ஆம்பூர் பக்கம் ஷூ ஃபேக்டரியில் வேலை பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. கட்டிங் மெஷின் என்னதான் ஸ்பீடாக இருந்தாலும், ஸ்டோரிலிருந்து தோல் வந்து சேரவில்லை என்றால் ஆபரேட்டர் சும்மா நிற்க வேண்டியதுதான். ஏஐ வேலைக்கு ஜிபியு எடுப்பவர்கள் மாட்டிக்கொள்வதும் இங்கேதான்.

மத்திய அரசின் இந்தியா ஏஐ மிஷனுக்கு 2024 மார்ச்சில் சுமார் 10,372 கோடி ரூபாய் ஒதுக்க ஒப்புதல் கிடைத்தது. ஸ்டார்ட்அப்களுக்கும் மாணவர்களுக்கும் மானிய விலையில் ஜிபியு தருவது அதில் ஒரு பகுதி. வாடகை மணிக்கணக்கில். சும்மா நிற்கும் ஜிபியுவுக்கும் காசு உண்டு, ஆட்டோ வெயிட்டிங் சார்ஜ் மாதிரி.

ஒரு சின்ன கணக்கு போடுவோம். என்விடியாவின் எச்100 சிப் நொடிக்கு சுமார் 990 லட்சம் கோடி கணக்குகள் போடும். அதன் 80 ஜிபி மெமரியிலிருந்து நொடிக்கு 3,350 ஜிபி டேட்டா வரும். 800 கோடி பாராமீட்டர் உள்ள ஒரு மொழி மாடல், ஒரு எண்ணுக்கு 16 பிட் என்றால், 16 ஜிபி இடம் பிடிக்கும். பதிலில் ஒவ்வொரு டோக்கனுக்கும், அதாவது ஒவ்வொரு சொல் துண்டுக்கும், அந்த 16 ஜிபியையும் ஒரு தடவை முழுசாகப் படித்தாக வேண்டும். ஆக, ஒருவருக்குப் பதில் சொல்லும்போது நொடிக்கு அதிகபட்சம் 209 டோக்கன். அதற்குத் தேவைப்படும் கணக்கு, சிப்பின் திறனில் 1 சதவீதம்கூட இல்லை! மீதி நேரமெல்லாம் காத்திருப்பு. பல மாடல்கள் ஒரு தமிழ்ச் சொல்லையே நாலைந்து துண்டாக உடைப்பதால் நமக்கு இன்னும் லேட்.

வழி என்ன? சுமையைக் குறைப்பது ஒன்று. 16 பிட் எண்களை 4 பிட்டாகச் சுருக்கினால் 16 ஜிபி மாடல் சுமார் 4 ஜிபி ஆகிவிடும். தரம் கொஞ்சம் அடிபடலாம். இன்னொன்று, பல பேருடைய கேள்விகளைச் சேர்த்து அனுப்புவது. ஒரு தடவை படித்த டேட்டா எல்லோருக்கும் பயன்படும். 2022-ல் வந்த ஃபிளாஷ் அட்டென்ஷன் வேறு ரூட்: கணக்கைச் சின்னச் சின்னத் துண்டாக்கி, சிப்புக்குள்ளேயே இருக்கும் குட்டி மெமரியில் முடித்துவிடும். ஸ்டோருக்கு நடை மிச்சம்.

மாடலுக்குப் பயிற்சி கொடுக்கும்போது சிக்கல் இன்னும் வெளியே, டிஸ்க்கில் இருக்கும். தோலில் உண்ணிக்கடி, கீறல் கண்டுபிடிக்க ஒருவர் லட்சக்கணக்கான போட்டோக்களைத் தனித்தனி ஃபைலாக ஹார்ட் டிஸ்க்கில் வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஹார்ட் டிஸ்க் நொடிக்கு 200 எம்பி தருவதே பெரிசு. சிதறிக் கிடக்கும் குட்டி ஃபைல்கள் என்றால் அதுவும் வராது. நல்ல என்விஎம்இ எஸ்எஸ்டி 7 ஜிபி வரை தரும். படங்களை முன்கூட்டியே தேவையான சைஸுக்குக் குறைத்து, சில பெரிய ஃபைல்களாகக் கட்டி, எஸ்எஸ்டியில் போட்டுவிட்டால் பாதி தலைவலி தீர்ந்தது. அடுத்த செட் படங்களை சிபியு முன்னாடியே தயாராக எடுத்து வைக்கும்படி செட்டிங்கையும் மாற்ற வேண்டும்.

எங்கே அடைப்பு என்று எப்படித் தெரியும்? என்விடியா-எஸ்எம்ஐ காட்டும் ஜிபியு பயன்பாடு 0-க்கும் 100-க்கும் இடையே குதித்துக்கொண்டே இருந்தால், முதலில் டிஸ்க்கையும் சிபியுவையும் சந்தேகப்படுங்கள். 100-லேயே நின்றாலும் சந்தோஷப்பட வேண்டாம். மெமரிக்காகக் காத்திருக்கும் நேரத்தையும் அது வேலை நேரமாகத்தான் காட்டும்.

2023 நவம்பரில் என்விடியா அறிவித்த எச்200-ல் கணக்குப் போடும் வேகம் எச்100-ல் இருந்த அதே அளவுதான். மாற்றியது மெமரியை: 141 ஜிபி, நொடிக்கு 4,800 ஜிபி.