எண்ணங்களின் சாஸ்திரம்

சித்தாந்தம் என்றும் கருத்தியல் என்றும் நாம் வழங்கிவரும் ஐடியாலஜி என்ற சொல்லை இந்நாளில் மாற்றுக் கட்சியாரை இகழ்வதற்கே பலரும் எடுத்தாளுகிறார்கள்; ஆயினும் அது பிறந்த வேளையில் ஒரு சாஸ்திரத்தின் பெயராக, அதுவும் மனித புத்தியில் பெருநம்பிக்கை கொண்டிருந்த ஒருவர் இட்ட பெயராக இருந்தது.

அவர் பிரெஞ்சுப் பிரபு வம்சத்தில் உதித்த தெஸ்த்யூத் த திராசி. பிரெஞ்சுப் புரட்சியின் பக்கம் நின்றவராயினும், பயங்கர ஆட்சிக் காலத்தில், 1793-இல் சிறையிலடைக்கப்பட்டு, எந்நாளும் கில்லட்டின் மேடைக்கு அழைப்பு வரலாம் என்ற நிலையிலும் லாக், கோந்தியாக் ஆகிய தத்துவ ஞானிகளின் நூல்களில் தோய்ந்திருந்த அவர், நம் எண்ணங்கள் யாவும் புலனுணர்ச்சியிலிருந்தே கிளைக்கின்றன என்று துணிந்தார். அவ்வாட்சியின் தலைவரான ரோபஸ்பியர் வீழ்ந்தபின் விடுதலையாகி, 1796-இல் பாரிஸ் தேசிய அறிஞர் கழகத்தில் படித்த கட்டுரையில், எண்ணங்களின் தோற்றத்தை ஆராயும் துறைக்கு ஐடியாலஜி என்ற பெயரைச் சூட்டினார். மனிதனும் ஒரு பிராணியே ஆதலால் அத்துறை விலங்கியலின் ஓர் அங்கம் என்பதும், எண்ணம் பிறக்கும் வழி தெளிந்தால் கல்வியையும் சட்டத்தையும் நியாயத்தின்மேல் நிறுவலாம் என்பதும் அவர் கொள்கை. சிறையில் வாடிய ஒருவர் மனிதர்மீது இத்தனை நம்பிக்கை வைத்தது எனக்கு என்றும் வியப்பே.

அதே கழகத்தில் 1797-இல் தாமும் அங்கத்தினராகி, திராசியும் அவரோடு ஒத்த கருத்துடையோருமாகிய கூட்டத்தார் பலரின் ஆதரவோடு 1799-இல் அதிகாரத்தைக் கைப்பற்றிய நெப்போலியன், தம் எதேச்சாதிகாரத்தை அவர்கள் கண்டிக்கத் தொடங்கியதும், உலகறியாத கற்பனைவாதிகள் என்ற பொருள்பட அவர்களை ஏளனம் செய்து, 1803-இல் கழகத்தின் அறநெறி, அரசியல் பிரிவையே எடுத்துவிட்டார். 1812-இல் ருஷ்யாவில் பெரும்படையை இழந்து திரும்பியபோது, பிரான்ஸின் துன்பங்களுக்கெல்லாம் ஐடியாலஜியே காரணம் என்று பழிபோட்டார். படை நடத்தியவரின் பிழை, எண்ணத்தை ஆராய்ந்தவர்களின் தலையில் விழுந்தது. இதை அநீதி என்றே சொல்வேன். அன்று ஒட்டிய இகழ்ச்சி இச்சொல்லை விட்டு இன்னும் நீங்கவில்லை.

பின்னர் மார்க்ஸும் எங்கெல்ஸும் 1845, 46-ஆம் ஆண்டுகளில் ஜெர்மன் தத்துவாசிரியர்களைக் கண்டித்து எழுதியபோது, ஆளும் வர்க்கத்தின் நலனை உலகப் பொது உண்மையாகக் காட்டும் மயக்கம் என்ற பொருள் இதற்கு ஏறியது. லெனினோ தொழிலாளர் வர்க்கத்துக்கு உரிய ஐடியாலஜி என்று நல்ல பொருளிலும் ஆண்டார். 1929-இல் சமூகவியலாளர் கார்ல் மான்ஹைம், பிறர் எண்ணத்தை மட்டுமன்றித் தன் எண்ணத்தையும் அது முளைத்த சமூகச் சூழலோடு பொருத்திப் பார்ப்பது ஆராய்பவனின் கடமை என்று வாதித்தார். இச்சொல்லின் கறையைத் துடைக்க இதைவிட நேர்மையான வழி எனக்குத் தெரியவில்லை.

சொல்லின் வரலாறு இவ்வாறிருக்க, அது குறிக்கும் பொருளைப் பார்ப்போமானால், அபிப்பிராயம் எல்லாம் சித்தாந்தமாகிவிடாது. உப்புக்கு வரி கூடாது என்பது ஓர் அபிப்பிராயம். வரி விதிக்கும் உரிமை யாருக்கு, சொத்து யாருடையது, அரசு எதற்காக இருக்கிறது, சமூகம் எவ்வழியில் மாற வேண்டும் என்ற வினாக்களுக்கெல்லாம் ஒன்றோடொன்று பிணைந்த விடைகள் ஒருவரிடம் இருந்து, உப்பு வரியைப் பற்றிய முடிவும் அவற்றிலிருந்தே பிறக்குமானால், அந்த விடைகளின் தொகுதியைச் சித்தாந்தம் எனலாம்.